மழை ஜெபத்துக்கு அவித்த கொழுக்கட்டை

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். வைகாசியில் கல்யாணமாகி, பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் மாமனாரும் மாமியாரும் நானும் மட்டும். மாமா, அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

நான் பிறந்தது தெற்கே செம்மணல் தேரிக்காட்டில். பனையை நம்பிப் பிழைத்த குடும்பம். சீர்வரிசையாக நான் கொண்டுவந்ததே ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற ஏழு சாய ஓலைப்பெட்டிகளும் ஒரு சிப்பம் கருப்பட்டியும்தான். பெட்டிகள் ஏழும் நானே முடைந்தவை. கூடவே, எங்கள் அம்மா மாதிரி யாருக்கும் சமைக்க வராது என்கிற மண்டைக்கனமும் வந்தது. இங்கே கம்பங்கூழ், இல்லாவிட்டால் குதிரைவாலிச் சோறு. முதல் நாள் கூழைப் பார்த்து நான் முகம் சுளித்ததை அத்தை பார்த்துவிட்டார். அதிகம் பேசாத மனுஷி. ஏசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

புரட்டாசி பிறந்தும் மழையைக் காணோம். எங்கள் வேதக்கோயில் உபதேசியார் வீட்டுக்கு வீடு மழை ஜெபம் வைத்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு முறை. ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்குத் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். பயறு அவித்தால் போதும் என்று சொல்லிவிட்டு, மல்லாங்கிணற்றில் பிள்ளை பெற்றிருந்த சொந்தக்காரப் பெண்ணைப் பார்க்க அத்தை முதல் நாளே போய்விட்டார். மாமா காட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. அம்மா செய்யும் ஓலைக் கொழுக்கட்டையைச் செய்து இந்த ஊரையே அசத்திவிட வேண்டும் என்று தோன்றியது. அரிசி அப்போது கண்ணால் பார்க்கக் கிடைக்காது. அடுக்களை மூலையில் வாயைச் சாணியால் மெழுகி அடைத்த கலயம் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் அப்படி மெழுகி வைத்தால் உள்ளே இருப்பது அடைமழைக்குத் தின்னச் சேர்த்து வைத்த கருப்பட்டி. சாணிப்பூச்சை உடைத்துப் பார்த்தேன். நாலு படி குதிரைவாலி, சாம்பலும் காய்ந்த வேப்பிலையுமாகக் கிடந்தது. மறந்துபோன பழைய தானியம், இதைச் சுத்தம் பண்ணினால் அத்தை மெச்சிக்கொள்வார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து குத்திப் புடைத்து, கழுவி உலர்த்தி, இடித்து மாவாக்கினேன். கருப்பட்டிப் பாகும் சுக்கும் ஏலமும் சேர்த்துப் பிசைந்தேன். பனங்குருத்தை வெட்டி, உள்ளே மாவை வைத்து ஓலை நாரால் கட்டி அவித்தேன். வேகும்போதே தெருவெல்லாம் மணத்தது. ஜெபத்துக்கு வந்தவர்கள் ஓலையைப் பிரித்துத் தின்றுவிட்டு விரலைச் சப்பினார்கள். உபதேசியார் மூன்று வாங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜெபம் தொடங்கும் நேரத்துக்குத்தான் அத்தை வந்து சேர்ந்திருந்தார். ஒரு வாய் தின்றவர், எழுந்து அடுக்களைக்கு வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த கலயத்தைப் பார்த்தார்.

"இதுல உள்ளதவா எடுத்த, தாயி?"

ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அது வெத."

பனைமரத்தை நம்பியவர்கள் வருஷா வருஷம் எதை விதைத்தார்கள்? விதை என்று ஒன்றை எடுத்து வைத்து எங்கள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. போன வருஷமும் விளைச்சல் இல்லாததால் ஊரில் யாரிடமும் கொடுக்க விதை கிடையாது. எங்கள் இரண்டு குறுக்க நிலத்துக்கும் வைத்திருந்ததே அந்த நாலு படிதான். மழை வேண்டி ஜெபம் பண்ண வந்தவர்களுக்கு விதையை அவித்துப் போட்டிருக்கிறேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பரிமாறப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. ஊரே சிரித்தது. மாமா விதையைக் கேட்டார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத அத்தை முந்திக்கொண்டார்.

"அதுல புழு வச்சிருச்சு. நாந்தேன் எடுத்து இடிக்கச் சொன்னேன்."

மாமா வாசலில் நின்று சத்தம் போட்டார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் விதையைக் காக்கத் தெரியவில்லையா என்று தெருவே கேட்க ஏசினார். அத்தை தலைகுனிந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் ஊமையாக நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மாட்டுக் கொட்டத்தில் ஏர் பூட்டும் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாமாவிடம் போய், தப்பு என்னுடையது என்று சொல்லி அழுதேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும் தாயி. அவ சாம்பல் போட்டு வச்ச வெதையில இன்னைக்கு வரைக்கும் புழு வச்சதில்ல."

பிறகு ஏன் மாமா அத்தையை அப்படி ஏசினீர்கள் என்று கேட்டேன்.

"ஊரு கேக்கட்டும்னுதேன். வெதையத் தின்ன மருமகள்னு நாளைக்கு ஒன்னைய எவளும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுல்ல. நீ எங்கிட்ட வந்து சொன்னத அவகிட்டச் சொல்லாத. ஒன்னையக் காப்பாத்திட்டோம்னு அவ நெனச்சுக்கிறட்டும்."

மறுநாள் விடியும்போதே அத்தை, நரிக்குடிப் பக்கம் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வண்டி ஏறினார். விதையைச் சும்மா வாங்கக் கூடாது, பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கிளம்பும் முன், உன் பெட்டியில் ஒன்று தருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஏழையும் எடுத்து வைத்தேன். பெரியது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த நாள் சாயங்காலம் முந்தானையில் நாலு படி குதிரைவாலியை முடிந்துகொண்டு வந்து இறங்கினார். ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்டோம்.

தையில் அறுப்பு முடிந்ததும், விதைக்கு எடுத்த தானியத்தையும் சாம்பல் சட்டியையும் அத்தை என் முன்னால் வைத்தார். நீயே கலந்து மெழுகி வை என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்க்கக்கூட இல்லை.

மாமாவிடம் நான் ஒப்புக்கொண்டது அத்தைக்குக் கடைசிவரை தெரியாது. இன்று என் வீட்டுக்கு வந்த மருமகள் எதையாவது கொட்டிக் கவிழ்த்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கும்போது, நான்தான் அதை ஓரத்தில் வைத்தேன் என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.