இரவல் தழும்பு

போன ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள் என்றும் பாராமல், எங்கள் கொரட்டூருக்கு அம்மை குத்துகிறவர் வந்துவிட்டார். வழக்கம்போல் கைக்குழந்தை உள்ள வீடுகளில் எல்லாம் பட்டப்பகலில் கதவு சாத்தியாயிற்று.

மளிகைக் கடை பெஞ்சில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, முதல் ஆளாகக் குழந்தையோடு வந்து நின்றவள் யார் தெரியுமா? எங்கள் எதிர்வீட்டு ராஜாத்தி!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்...

ராஜாத்தியும் முனியம்மாவும் ஓரகத்திகள். புருஷன்மார் இருவரும் ஏரிக்கரையில் கீரை போடுகிறார்கள். அண்ணன் தம்பி ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள் — பெண்டாட்டிமார் கொல்லைப்புறத்தில் அந்தச் சுவரிலேயே ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். நெருப்பு, புளி, உலக்கை எல்லாம் அந்த வழியாகத்தான் இரவல் போகும், வரும்.

சில வருஷங்களுக்கு முன் இருவருக்கும் ஒரே சமயத்தில் குழந்தை பிறந்தது. முனியம்மாவுக்கு மூன்றாவதாகவும் பெண். ராஜாத்திக்கோ, மாங்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தவமிருந்து பெற்ற பிள்ளை. அப்போது வந்தார் இதே அம்மை குத்துகிறவர், கூடவே ஒரு டவாலி போட்ட சர்க்கார் சேவகனோடு. குத்திக்கொள்ளாவிட்டால் அபராதம் என்று மிரட்டல் வேறு.

ராஜாத்தி முடியாது என்றுவிட்டாள். என் மனைவி போய்ச் சொல்லிப் பார்த்தாள். அதற்கு அவள் கேட்டது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

"தானா வராத ஆத்தாள நாமளா இன்னாத்துக்கும்மா ஊட்டுக்குக் கூப்புடணும்?"

அம்மை வராமல் இருப்பதற்காகச் செய்கிற காரியத்துக்கு 'அம்மை குத்துவது' என்று பெயர் வைத்திருக்கிறோமே — எந்தத் தாய் துணிந்து குழந்தையை நீட்டுவாள்? தோளில் லேசாகக் கீறுவார்கள். ஒரு கொப்புளம் எழும்பும். காய்ந்து தழும்பாகும். அந்தத் தழும்புதான் பிறகு காவல். இவ்வளவுதான் விஷயம். உட்கார்ந்து இதைச் சொல்ல ஆளில்லை. அபராதம் என்பது ஒரே வார்த்தை, சுலபமாகச் சொல்லிவிடலாம்!

முனியம்மா யோசனைக்காரி. தன் பெண்ணுக்கு இடது தோளில் குத்த வைத்தாள். அவர் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வாசலுக்கு வருவதற்குள், கொல்லை வழியாக அதே குழந்தை ராஜாத்தியின் இடுப்புக்குப் போய்விட்டது. கீறின பக்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வலது தோளைக் காட்டினாள் ராஜாத்தி. ஆணா பெண்ணா என்று துணியை அவிழ்த்தா பார்க்கப்போகிறார்? அடுத்த வாரம் கொப்புளம் பார்க்க வந்தபோதும் இதே நாடகம்தான். மனிதர் திருப்தியாகப் போய்ச் சேர்ந்தார்.

தெருவே சிரித்தது. ஆபீசிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டு நானும் சிரித்தேன். சர்க்காரை ஏமாற்றுவதில் நமக்கெல்லாம் ஒரு குஷி இருக்கிறதே... அதற்கு ஈடு உண்டா?

அடுத்த கோடையில் அம்மை வந்தது. யாரும் கூப்பிடாமலே வந்தது.

வாசலில் வேப்பிலை செருகாத வீடுகள் கொஞ்சம்தான். முனியம்மாவின் பெண் அந்தத் தெருப் புழுதியிலேயே தவழ்ந்துகொண்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. ராஜாத்தியின் பிள்ளை போய்விட்டான்.

ஓரகத்திகள் சண்டை போட்டுக்கொண்டார்களா என்று கேட்பீர்கள். போட்டிருந்தால்கூடத் தேவலை. ராஜாத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முனியம்மாதான், உதவி செய்யப்போய் இப்படி ஆயிற்றே என்று, அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் சிரிப்புக்கு இவ்வளவு பெரிய விலையா?

அந்த ராஜாத்திதான் போன ஞாயிறு தன் புதுக் குழந்தையோடு வந்து நின்றாள். முனியம்மாவின் பெண் — இப்போது ஓடியாடுகிற வயசு, மேலே சட்டை கிடையாது — சித்தியின் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தோளைத் துடைத்துக்கொண்டே அம்மை குத்துகிறவர் அவளைப் பார்த்தார். ஒரு தோளில்தானே குத்துவது வழக்கம், இவளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்டார்.

கடை வாசலில் நின்றிருந்த முனியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ராஜாத்திதான் சொன்னாள்.

"நொட்டாங்கைல கீறது அவுளுது சார். சோத்தாங்கைல கீறது எம் புள்ளையோடது."

அவருக்குப் புரிந்ததோ என்னவோ, பெட்டியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். குழந்தையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று முனியம்மா கை நீட்டினாள். ராஜாத்தி கொடுக்கவில்லை. தானே மடியில் போட்டு, தானே அந்தப் பிஞ்சுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் நெருப்பு இரவல் கிடைக்கும், புளி கிடைக்கும், உலக்கை கிடைக்கும்... தழும்பு மட்டும் அவரவர் தோளில்தான் இருக்க வேண்டும்.