அவர் நீட்டிய முறுக்கு

எண்பதுகளின் கடைசியில், என் வகுப்பு மாணவர்களுக்காக எய்ட்ஸ் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குத் தெரியாதது உண்டா என்ற நினைப்பு. அந்த நோய் கண்ட ஒருவரிடம் அதைப் படித்துக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருக்கு ஒடிசலான உடம்பு, எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை, குறும்புக் கண்கள்.

“எச்.ஐ.வி. கிருமி ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ பரவாது” என்று கணீரென வாசித்தேன்.

“பிரமாதம் டீச்சர்!” என்றவர், ஒரு டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டே டப்பாவை என்னிடம் நீட்டினார். பார்க்க வருகிற எல்லாரிடமும் இப்படித்தான் நீட்டுவாராம். “தேக்கா மார்க்கெட்ல வாங்கின முறுக்கு, எடுங்க.”

“இன்னைக்கு எனக்கு விரதம், அண்ணே.”

“நீங்களுமா? இந்த வாரம் வந்த நாலு பேருக்கும் விரதம்தான். கோயில்லகூட இவ்வளவு பக்தி கிடையாது லா!”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

“அதுக்குள்ள விரதம் முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

அதன்பின் அவர் கேலி பேசவில்லை. நான் மென்று விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “இன்னொண்ணு எடுத்துக்கம்மா” என்றார்.