பெர்னடெற் அக்காவின் ரிவால்வர்

சமையலறைச் சன்னலைச் சாத்தி, கணவர் எட்வேட்டின் வானொலியையும் நிறுத்திவிட்டுத்தான் பெர்னடெற் அக்கா தராசின் முன் அமர்வார். சனிக்கிழமை காலையில் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலுள்ள அந்த வீட்டுக்கு நான் போனால் தேநீர் கிடைக்காது. "காத்து வந்தாத் தராசு ஆடும் தம்பி. இரும், கதையாதையும்." ஏற்கெனவே சுட்டு வெறுமையான ஐம்பது பித்தளைத் தோட்டாக் கோதுகள் ஒரு பலகையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே ஈயக்குண்டை வைத்து, கருவியின் கைப்பிடியை இழுத்து அழுத்துவார். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. "ஆரோ போட்ட மருந்தை நான் என்னெண்டு நம்புறது?"

அவருடைய தொழில் பொய்ப்பல் செய்வது. 1985இல் மன்னாரிலிருந்து வந்தவர். அங்கே துப்பாக்கிச் சூடு தொடங்கினால் கட்டிலுக்குக் கீழே புகுந்த உடம்பு, லண்டனிலும் அதை மறக்கவில்லை. தெருவில் கார்க் கதவு அடித்தாலே கையிலிருப்பது விழுந்துவிடும். பட்டறையில் கூட வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் துப்பாக்கி கிளப்புக்கு ஒருநாள் அழைத்துப் போனார். முதல் வெடியோடு அக்கா அழுதுவிட்டாராம். "ஆனா சத்தம் எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும். அதைக் கொண்டுவாறது நான்தானே."

சொந்தமாகத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்றதும் எட்வேட் பதறிப்போனார். "எங்கட விசா அலுவலே முடியேல்லை. பொலிஸ் வீட்டை வந்தா என்ன சொல்லுவீர்?" விசா வரும்வரை அக்கா இரண்டு வருடம் பொறுத்திருந்தார். அதன்பிறகே அனுமதிக்கு எழுதிப்போட்டார்.

கிளப்பில், பெண் என்பதால் சின்ன ரிவால்வர் ஒன்றை நீட்டினார்கள். "உதின்ர சத்தம் பல்லி சொல்லுற மாதிரிக் கிடக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். நான்கு மாதம் பலருடையதை வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, கிளப்பிலேயே பெரிய குண்டு போகும் நாற்பத்துநாலு ரகத்தைத் தெரிந்தெடுத்தார். நீளக் குழல், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாரம் கூடினால் உதைப்புக் குறையும் என்பார். மரப்பிடி மட்டும் கைக்குப் பெரிது. பல் தேய்க்கும் அரத்தால் அதை ஒரு வாரம் ராவித் தன் கைக்கு அளவாக்கிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை, மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது ராமேஸ்வரத்திலிருந்து தொலைபேசி வந்தது. மன்னாரிலிருந்த தங்கை பிள்ளைகளோடு வள்ளத்தில் தப்பி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா அழுது, சிரித்து, திரும்பி வந்து ஐம்பதையும் முடித்தார். பின்னேரம் கிளப்பில் ரிவால்வரில் தோட்டாக்களைப் போட்டவர், சுடாமலே எல்லாவற்றையும் வெளியே எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"அழுத கண்ணோட போட்டனான் அப்பா. எதில விட்டனான், எதில தொடங்கினனான் எண்டு தெரியேல்லை" என்று எட்வேட்டிடம் சொன்னார்.

இருவருமாக ஐம்பதையும் பிரித்துக் கொட்டினார்கள். முப்பத்தோராவதில் மருந்து இரண்டு மடங்கு இருந்தது. சுட்டிருந்தால் ரிவால்வர் கையிலேயே சிதறியிருக்கும். அடுத்த சனிக்கிழமை எட்வேட்டே டோர்ச் லைட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, "ஓம்" என்பார். செபமாலைக்குப் பதில் சொல்வதுபோல ஐம்பது தடவை ஓம்.

ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றபின், கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்து சட்டம் வந்தது. கிளப்பில் பலர் எதிர்த்துக் கையெழுத்து வைத்தார்கள். அக்கா வைக்கவில்லை. "அந்தப் பிள்ளையளின்ர தாய்மாரை டிவியில பாத்தனான். நான் இதில என்ன கதைக்கிறது, தம்பி?"

1997 செப்டெம்பரில் எட்வேட்டுக்கு ஷிப்ட் இருந்ததால் ரிவால்வரை ஒப்படைக்க அக்காவை நான்தான் பொலிஸ் நிலையத்துக்குக் காரில் கூட்டிப் போனேன். மேசையிலிருந்த அதிகாரி படிவத்தை நிரப்பிவிட்டு, வெறுமையா என்று சோதித்துக் காட்டத் தேவையில்லை, அப்படியே தரலாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அக்கா ரிவால்வரின் உருளையை வெளியே சாய்த்தார். ஆறு துளைகளிலும் ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். பிறகுதான் பிடியை அதிகாரியின் பக்கம் திருப்பி நீட்டினார்.