அன்றைக்குப் பல்பு பளிச்சென்று எரிந்தது

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம். நான் மரக்காணம் பக்கத்தில் லைன்மேன். உப்பு சீசன் வந்துவிட்டால் என் போன் ஓயாது. உப்பளத்து மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடி வோல்டேஜை இறக்கிவிடும். ஊருக்குள் ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்றுதான் வராது. திட்டு முழுக்க எனக்கு.

உப்பளத்துக்குத் தனி லைன் வேண்டும் என்று அதிகாரி எழுதிப் போட்டிருந்தார். அது வருகிறபோது வரட்டும் என்று, டிரான்ஸ்பார்மரை ஆஃப் செய்து, டேப் என்கிற திருகை நானே இரண்டு படி ஏற்றிவிட்டேன். அதை ஏற்றினால் வோல்டேஜ் ஏறும். யாரிடமும் கேட்கவில்லை. ஊரே என்னை மெச்சியது. எனக்கும் தலைகால் புரியவில்லை.

பத்து நாள் போயிருக்கும். டீக்கடையில் நிற்கிறேன், சடசடவென்று மழை. உப்பளத்தில் எல்லோரும் மோட்டாரை நிறுத்திவிட்டு உப்புக் குவியலை மூட ஓடியிருப்பார்கள். கடை பல்பு பளிச்சென்றது. "இன்னைக்குக் கரண்டு சூப்பர்ணா" என்று கடைக்காரர் சிரித்தார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கரண்டை இழுக்கிற மோட்டார் எல்லாம் நின்றுவிட்டது. நான் ஏற்றிய டேப் அப்படியே இருக்கிறது. வோல்டேஜ் தாறுமாறாக எகிறியிருக்கும்.

டிவி போனால் போகட்டும். ஆனால் ஒரு வீட்டில், நுரையீரல் கெட்டுப்போன மீனவர் ஒருவர் ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு விடுகிறார். அதற்கு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்ததே நான்தான். லைனை விட்டுவைத்தால் மெஷின் புகைந்துவிடும். நிறுத்தினால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதைத் திறக்க அவர் கையில் வலு கிடையாது. அவர் மனைவிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. அவரும் உப்பு மூடத்தான் போயிருப்பார்.

பைக்கை விரட்டினேன். மழையில் ஒன்றும் தெரியவில்லை. கடவுளே, மெஷின் சத்தம் கேட்கணும் என்று வேண்டிக்கொண்டே வாசலில் இறங்கினேன். சத்தமே இல்லை.

உள்ளே அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடெல்லாம் நீலம். இன்னொரு கையில், பிடுங்கிய பிளக். சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினேன். அவர் உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் நான் மூச்சு விட்டேன். ஓடிப்போய் லைனை நிறுத்திவிட்டு வந்தேன்.

"லைட்டு ரொம்ப நல்லா எரிஞ்சுதுப்பா. பயந்து புடுங்கிட்டேன். மெஷின் போச்சுன்னா எனக்கு வேற ஏது?" என்றார்.

சொட்டச் சொட்ட நனைந்து அவர் மனைவி வந்ததும், செய்தது நான்தான் என்று இரண்டு பேரிடமும் சொல்லிக் கைகூப்பினேன். அந்த அம்மா கத்தவில்லை.

"ஏண்ணா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இவர உட்டுட்டு வேலைக்கே போயிருக்க மாட்டேனே."

டேப்பை இறக்கினேன், அதிகாரியிடமும் ஒப்புக்கொண்டேன், மெமோ வாங்கினேன். அதெல்லாம் மறந்துவிட்டது. இப்போது உப்பளத்துக்குத் தனி லைன் வந்துவிட்டது. ஆனாலும் "இன்னைக்கு லைட்டு சூப்பர்" என்று யாராவது என்னைப் பாராட்டினால் சந்தோஷப்பட முடியவில்லை. மூச்சுக்குத் திணறியபடி அவர் கையில் பிடித்திருந்த அந்த பிளக்தான் கண்முன்னால் வந்து நிற்கிறது.