படம் வராத கம்ப்யூட்டர்

கோவளம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. மீன் கூடையோடு பஸ் ஏறி கிழக்குத் தாம்பரம் வந்து தெருத்தெருவாக விற்பேன். அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தின பொண்ணு வாடிக்கையாக என்னிடம்தான் மீன் வாங்கும். ஒரு மழைக்காலத்தில், "ஆயா, கடல்ல காத்து எப்படின்னு கம்ப்யூட்டர்ல போடறாங்க, பாக்கறியா?" என்றது. உள்ளே ஏசி. கவுச்சி அடிக்குமே என்று வாசலிலேயே நின்றுகொண்டேன். பொண்ணோட மேஜை வாசலை ஒட்டித்தான்.

மேகப் படமும் விளம்பரமுமாக அந்தப் பக்கம் துளித்துளியாக இறங்கியது. அது முடிவதற்குள் கூடையில் ஐஸ் கரைந்துவிடும். "இரு, இதுல படமே வராது" என்று அதே பக்கத்தை வேறொரு புரோகிராமில் திறந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். மவுஸ்கூட வேண்டாம், அம்புக்குறி பட்டனே போதும். சட்டென்று வந்துவிட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஐந்தாவது வரை படித்ததில் நம்பர் மட்டும் மிஞ்சியிருந்தது. தேதி எது, காத்து எந்த வரி என்று பொண்ணு காட்டிக்கொடுத்தது. காத்து வேகம் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் கடலுக்குப் போக ஆகாது. அதிலிருந்து தினமும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஒருநாள் முப்பது என்று இருந்தது. முதல் நாளும் அதே முப்பது. தேதியும் முதல் நாளுடையது. சொல்லக் கூச்சம், உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். விடிந்தால் மகன் கடலுக்குப் போகிறவனாயிற்றே, மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, "யம்மா, இது நேத்து தேதியாச்சே?" என்றேன்.

"அய்யோ, பழைய பக்கத்தையே காட்டுது ஆயா!" என்று இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தியது.

ஐம்பத்தைந்து.

எங்கள் குப்பத்து டீக்கடைக்குப் பொண்ணே போன் போட்டுக் கொடுத்தது. மகன் வந்து பேசினான். கடலுக்குப் போகிறவனிடம் 'போகாதே' என்று எங்கள் பெண்கள் வாயால் சொல்லக்கூடாது, சகுனம் ஆகாது.

"நாளிக்கி நான் கூடை தூக்கல" என்றேன்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. கம்ப்யூட்டர் பாத்தேன்."

"உன் கறுப்புப் பொட்டியா? செரி, வலைய மேல ஏத்திடறேன்."

மறுநாள் அலை, படகு கட்டியிருந்த இடம் வரைக்கும் ஏறி வந்தது.

நாலு நாள் கழித்துக் கூடை தூக்கினேன். பொண்ணு வாசலில் ஒரு நாற்காலி போட்டுவைத்திருந்தது. திரையையும் என் பக்கம் திருப்பியிருந்தது. முதலில் தேதியைப் பார்த்தேன், அன்றைய தேதிதான். காத்து, இருபது.