மூலை வெட்டிய டிக்கெட்

மைசூரில் புதிதாகத் திறந்த காபிக் கடையொன்றில், பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையை இழைத்துச் செய்த மேஜையிலிருந்து மழை ஈரத்தில் தார் வாசனை கிளம்பியதும், என்னையறியாமல் முதுகைக் குறுக்கிக்கொண்டேன். நஞ்சன்கூடு லைனில் இருந்த எங்கள் சின்ன ஸ்டேஷனின் வாசம் அது. அகலப் பாதை வந்தபோது அந்த ஸ்டேஷனையே எடுத்துவிட்டார்கள்.

அப்பா அங்கே டிக்கெட் கலெக்டர். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அரை டிக்கெட். அட்டையின் மூலையை வெட்டித் தருவார்கள். அந்த வெட்டைக் கண்டாலே அப்பாவுக்குச் சந்தேகம். பிள்ளையின் உயரத்தை, பல்வரிசையை, தூங்குவதுபோல் தோளில் கிடந்தால் தொங்குகிற காலின் நீளத்தையெல்லாம் கண்ணால் அளந்துவிட்டு, தாயை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே, எத்தனையாவது வகுப்பு என்று கன்னடத்தில் கேட்பார்: "எஷ்டனே கிளாஸ்?" பெரிய வகுப்புக்கு வந்துவிட்ட பெருமையில் அதுகள் உண்மையை உளறிவிடும்.

எனக்குப் பன்னிரண்டு முடிந்த பிறகும், கோயிலுக்குப் போய்த் திரும்புகையில் அம்மா அரை டிக்கெட்டே வாங்கினாள்.

"கொஞ்சம் குனிஞ்சே வாடி. கேட்டா ஆறாம் கிளாஸ்னு சொல்லு. உங்கப்பாதானே, என்ன பண்ணிடுவார்?"

ஸ்டேஷன் கேட்டில் அப்பா அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். வீட்டில் தமிழ் தவிர எதுவும் பேசாதவர், யார் வீட்டுப் பெண்ணையோ கேட்பதுபோல் கேட்டார்:

"எஷ்டனே கிளாஸ்?"

"ஆறனே கிளாஸ்."

என் ஏழாம் வகுப்பு மார்க் அட்டையில் முந்தின வாரம்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு வழிவிட்டார்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையிடமும் அவர் அதைக் கேட்டு நான் பார்க்கவில்லை.