கத்திக்கு அவசரப்படாத டாக்டரம்மா

டாக்டரம்மா காலமான செய்தி அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்தில் வந்தது. திருநெல்வேலிக்கு நான் வண்டி எடுக்க ஐந்து நிமிடம் இருந்தது. பாளையங்கோட்டையில் காது, மூக்கு, தொண்டை பார்த்தவர்கள் அவர்கள். நான் இன்னும் ஸ்டியரிங் பிடிப்பது அவர்களால்தான்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டப்பகலில், கல்லிடைக்குறிச்சி தாண்டி, ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்தேன். நடத்துநர் போட்ட சத்தத்தில் விழித்தபோது முன்சக்கரம் வயலோரம் இறங்கியிருந்தது. உள்ளே நாற்பது பேர்.

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டரம்மா கண்டுபிடித்தார்கள். "இது சரியாகுத வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது, அண்ணாச்சி" என்றார்கள். காற்றை அழுத்தித் தரும் மாஸ்க் மெஷினை மூன்று மாதம் போடச் சொன்னார்கள். எனக்கோ ஆபரேஷன்தான் வேண்டும். அறுத்துப் போட்டால் ஒரே நாளில் தீரும் என்ற நினைப்பு. மாஸ்க்கோடு படுக்க வெட்கம் வேறு.

மெஷினை அலமாரி மேல் ஏற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு போனேன். "தெனமும் போட்டேம்மா, சேரல. தொண்டைய அறுத்துருங்க."

அவர்கள் மெஷினுக்குள்ளிருந்து ஒரு சின்ன கார்டை எடுத்துக் கணினியில் செருகினார்கள். ஓடிய நேரமெல்லாம் அதில் பதியும் என்று இந்த மண்டைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரெண்டே நாளு. அதுவும் அரைமணி அரைமணி. யார ஏமாத்துதீய?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "அறுக்க மாட்டீங்கன்னா மதுரைக்குப் போறேன். என் பொழப்பே போவுது" என்று மேசையில் அடித்தேன்.

அவர்கள் குரலை உயர்த்தவில்லை. "போங்க. சரியாவலன்னா அறுத்தத திருப்பி ஒட்ட முடியாது. அரைமணியில ஏன் கழத்துனீய? அதச் சொல்லிட்டுப் போங்க."

"மூக்குல காத்தே ஏறல."

சட்டென்று நிமிர்ந்தார்கள். விளக்கை மாட்டி மூக்கை மறுபடி பார்த்தார்கள். கூட வந்திருந்த என் மனைவியின் முன்னாலேயே சொன்னார்கள்: "நடு எலும்பு வளைஞ்சிருக்கு. நான் மொதல்லயே பாத்திருக்கணும், தப்புதான். மூக்க மட்டும் சரிபண்ணுவோம். தொண்டையில கை வைக்க வேண்டாம். மாஸ்க்கு அப்பறமும் உண்டு."

அப்படியே ஆயிற்று. மாஸ்க் போட்டேன், வீட்டில் சிரிக்கத்தான் செய்தார்கள். மூச்சு ஒழுங்கானதை மறுபடி சோதித்த பிறகே ஓட்டுவதற்குச் சான்று தந்தார்கள். அதுவரை பணிமனையில் டயர் உருட்டினேன். அவர்களை வையாத நாளில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சை அறுக்கிறது.

டிரிப் முடித்துக் காக்கிச் சட்டையோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரிய மனிதர்களெல்லாம் மாலையோடு நின்றார்கள். என் முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டியருகே குனிந்தேன்.

"வண்டி பத்திரமா சேந்துட்டும்மா. எல்லாரும் எறங்கிட்டாவ. நீங்க பைய போயிட்டு வாங்க."